கம்போடியாவில் ஊழியம் செய்யும் தம்பதிக்குக் கொழும்பிலிருந்து எப்படித் துணை நிற்பது?

வெள்ளவத்தைவாசி:
எங்கள் சபையிலிருந்து ஒரு இளம் தம்பதி கம்போடியாவுக்கு ஊழியத்துக்குப் போய் ஒன்பது மாதம். இருப்பது புனோம்பென்னுக்கு வெளியே ஒரு சிறு பட்டணம். இன்னும் கெமெர் மொழிதான் படிக்கிறார்கள். கடைசி மூன்று ஜெபக் கடிதங்களிலும் "எல்லாம் நலம், ஜெபியுங்கள்" என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. வீடியோ கோலில் பார்த்தால் முகம் வாடியிருக்கிறது, மனைவி அதிகம் கதைப்பதில்லை. இங்கே சிலர் "இன்னும் ஒரு ஆத்துமாகூட வரவில்லையா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். மிஷன் குழுவில் நாங்கள் ஐந்து பேர். ஜெபிக்கிறோம். அதோடு உருப்படியாக என்ன செய்யலாம்?

ஏடும்எழுத்தும்:
அந்த "ஒரு ஆத்துமாகூட" என்ற கேள்வி அவர்கள் காதுக்குப் போகாமல் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வருடத்துக்கு மொழி படிப்பதே ஊழியம். பர்மாவுக்குப் போன அமெரிக்க மிஷனரி ஜட்சன் 1813இல் ரங்கூனில் இறங்கினார், அவர் கொடுத்த முதல் ஞானஸ்நானம் 1819இல். சபையில் கேட்பவர்களுக்கு 1813, 1819 என்ற இந்த இரண்டையும் சொல்லுங்கள்.

கெமெர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து பிறந்தது, அதனால் நம்மவர்களுக்குச் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். 33 மெய்யெழுத்துகளும் இரண்டு வகுப்பாகப் பிரியும். ஒரே உயிர்க்குறி, எந்த வகுப்பு மெய்யோடு சேர்கிறதோ அதற்கேற்ப ஒலி மாறும். மெய்க்குக் கீழே தொங்கும் "கால்" எழுத்துகளைத் தனியாகப் படிக்கவேண்டும். சொற்களுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது. மூச்சு விட்டுச் சொல்லும் "த" ஒரு சொல், விடாமல் சொல்லும் "த" இன்னொரு சொல். தமிழ்க் காது இரண்டையும் ஒன்றாகவே கேட்கும். அதனால் ஆறு மாதம் படித்த பிறகும் சந்தையில் சொன்னது விளங்காமல் போகும், அங்கேதான் மனம் உடையும். மருந்து: ஆசிரியரின் குரலில் பத்து வாக்கியத்தைப் போனில் பதிந்து, ஒரு கிழமை முழுக்க அதையே கேட்டுச் சொல்லி, வெளியே போய் அந்தப் பத்தை மட்டும் பாவிக்கவேண்டும். புதுப் பாடம் அடுத்த கிழமை.

இன்னொன்று. பெரும்பாலும் கணவர் வகுப்புக்கும் ஆட்களைச் சந்திக்கவும் வெளியே போவார், மனைவி சமையலோடும் வீட்டோடும் நின்றுவிடுவார். வருடம் முடிய அவர் பேச ஆளில்லாத ஊரில் இருப்பார். அவருக்குத் தனி ஆசிரியை உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் குழுவின் அடுத்த செலவு அதுதான்.

தெகிவளை அக்கா:
கடிதத்தில் உண்மை வராததற்குக் காரணம், அதைப் படிப்பவர்கள்தான் பணமும் அனுப்புகிறார்கள். சோர்வு என்று எழுதினால் ஆதரவு நின்றுவிடுமோ என்ற பயம். எனவே கடிதத்தை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று சபைக்கு. மற்றது மூன்று பேருக்கு மட்டும். அந்த மூவர் யார் என்பதை அவர்களே தெரிவு செய்யட்டும். அது வாட்ஸ்அப் குழுவுக்கு ஒருநாளும் போகக்கூடாது, "ஜெபத்துக்காக" என்றுகூட. ஒரு தரம் கசிந்தால் பிறகு வாயே திறக்கமாட்டார்கள்.

கோல் கிழமைக்கு ஒருநாள், ஒரே நேரம், அதே ஆட்கள். அங்கே இரவு 8 மணி என்றால் நமக்கு 6.30. அறிக்கை கேட்கவேண்டாம், ஊர்ப்புதினம் கதையுங்கள். மனைவியோடு ஒரு மூத்த பெண் தனியாகக் கதைக்கவேண்டும், கணவர் பக்கத்தில் இல்லாமல்.

பணத்தை ரூபாயில் வாக்குக் கொடுத்திருந்தால் மாற்றுங்கள். மாதம் 60,000 ரூபா என்பது 2022 தொடக்கத்தில், டொலர் 200 ரூபாவாக இருந்தபோது, 300 டொலர். அதே வருடம் மே மாதத்தில் 360 ஆனபோது ஏறத்தாழ 167 டொலர்தான். அவர்களின் வீட்டு வாடகை அப்படிக் குறையாது. டொலர் கணக்கில் வாக்குக் கொடுத்து, மூன்று மாதத் தொகையை ஒதுக்கி வையுங்கள்.

மருந்துக்கொப்பி:
சோர்வை உடனே ஆவிக்குரிய குறை என்று எடுக்கவேண்டாம். டெங்கு வந்து போனாலும் பல கிழமைக்கு உடம்பில் அசதி இருக்கும். இரத்தச்சோகை, தைரொயிட் இரண்டையும் பரிசோதித்தார்களா? அதெல்லாம் சரியாக இருந்தும், இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை இல்லை, சாப்பாட்டில் விருப்பமில்லை, பிடித்த எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அது வைத்தியரிடம் போகவேண்டிய மனச்சோர்வு. "இருந்து என்ன பிரயோசனம்" என்ற பேச்சு வந்தால் அடுத்த கோல் வரை பொறுக்காதீர்கள். தனியே விடாமல், அங்குள்ள பொறுப்பாளர் அன்றே நேரில் போகவேண்டும். அவருடைய எண் உங்களிடம் இப்போதே இருக்கட்டும்.

சூரைச்செடியின் கீழ் எலியா சாவைக் கேட்டபோது கர்த்தர் புத்திமதி சொல்லவில்லை. உறங்கவிட்டு, இரண்டு தரம் அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி நாற்பது நாள் கழித்துத்தான் வந்தது.

கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கன்:
நம் நாட்டுக்கே ஊழியராக வந்தவரைப் பாருங்கள். புனித யோசேப்பு வாஸ் 1687இல் கோவாவிலிருந்து யாழ்ப்பாணம் வந்தார். வந்ததும் கடும் நோய், பிறகு கண்டியில் ஒற்றன் என்று சிறை. துணைக்குக் குருக்கள் வந்தது 1696இல்தான். 2015இல் காலிமுகத்திடலில் திருத்தந்தை அவரைப் புனிதராக அறிவித்தபோது கூடியிருந்த பலருக்கு அந்தத் தனிமையான ஒன்பது வருடம் தெரிந்திருக்காது.

டிசம்பர் 25 கம்போடியாவில் வேலைநாள். அந்த நாள் கடுமையாக இருக்கும். வறுத்த மிளகாய்த்தூளை இரட்டைப் பையில் ஒட்டி ஒக்டோபர் கடைசியிலேயே அனுப்பிவிடுங்கள். ஏப்ரல் அப்படியில்லை, அவர்களின் புத்தாண்டும் நம்முடைய நாட்களிலேயே வருகிறது, அயலவர் வீட்டுக்கு அழைப்பார்கள்.

வெள்ளவத்தைவாசி:
கேட்டுப் பார்த்தேன், மனைவிக்கு ஆசிரியை இல்லை. சனிக்கிழமை குழு கூடுகிறது. ஆதரவு நிற்காது என்பதை எழுத்தில் எப்படிச் சொல்வது?

தெகிவளை அக்கா:
சுருக்கமாக, போதகரின் கையெழுத்தோடு: "நீங்கள் போகும்போது பேசிய காலம் முடியும்வரை மாதத் தொகை வரும். ஞானஸ்நானக் கணக்கு கேட்கமாட்டோம். இடையில் திரும்பவேண்டி வந்தால் டிக்கெட்டும் வீடு வந்த பின் மூன்று மாதச் செலவும் எங்களுடையது. மனைவியின் மொழி ஆசிரியைக்கான பணம் இந்த மாதத்திலிருந்து தனியாக வரும்."