புளியரை அன்னதான அடுப்பு: ஆலோசனை தேவை

செங்கோட்டையை அடுத்த புளியரையில், ஆரியங்காவு வழியாகச் சபரிமலைக்கு நடந்து செல்லும் சாமிமார்களுக்குக் கார்த்திகை முதல் நாளிலிருந்து விடியற்காலையில் கஞ்சியும் சுக்குக் காப்பியும் வழங்கி வருகிறோம். அன்னதானப் பிரபுவுக்கு நாங்கள் செய்யும் பூசை இதுவே. ஐந்து நாட்களாக, 19 கிலோ வணிக சிலிண்டரில் இணைத்த பெரிய பர்னரின் தீ, பற்றவைத்த அரை மணி நேரத்தில் தணிந்துவிடுகிறது. சிலிண்டரின் அடிப்பாகத்தில் வெண்பனி படிகிறது. உள்ளே எரிவாயு பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. ஜெட்டைச் சுத்தம் செய்து, ரெகுலேட்டரையும் குழாயையும் மாற்றி, காற்றுக்குத் தகரம் வைத்து மறைத்தும் பயனில்லை. சிலிண்டரைத் தீயருகே நகர்த்தச் சிலர் சொன்னார்கள். பிள்ளைகளும் நிற்கும் இடம் என்பதால் நான் சம்மதிக்கவில்லை. நேற்று, கொப்புளம் உடைந்த பாதங்களோடு வந்த முதியவர் ஒருவர், கஞ்சி வேகாததால் வெறும் வெந்நீரைக் குடித்துவிட்டுக் கிளம்பியது மனத்தை விட்டு அகலவில்லை. இரண்டு சிலிண்டர்களைச் சேர்த்து இணைத்தால் இந்தக் குறை தீருமா?