ஜிங்க் பிளேட்டிங் போட்ட 12.9 போல்ட் ராத்திரியில் தானா தலை உடைஞ்சு விழுது. காரணம் என்னங்க?

கணபதி_ஃபேப்ரிகேஷன்:
வணக்கம்ங்க. கோயமுத்தூர்ல சின்ன ஒர்க்‌ஷாப். ஸ்கிராப் அமுக்குற பேலிங் பிரஸ் செஞ்சு குடுக்கறோம். சிலிண்டர் 200 மி.மீ. போர் (உள் விட்டம்), ஆயில் அழுத்தம் 190 பார். சிலிண்டர் ஃபிளாஞ்ச்ல எம்16 ஆலன் போல்ட், 12.9 கிரேடு (ரொம்பக் கெட்டியான, பலமான வகை), 12 எண்ணம். பல வருஷமா இதே டிசைன், கருப்பு போல்ட்தான், ஒரு தொந்தரவும் இல்லைங்க.

இந்தத் தடவை மெஷின் தூத்துக்குடிக்குப் போகுது. உப்பளம் பக்கத்துல யார்டு. கருப்பு போல்ட் ஒரு மாசத்துல துரு ஏறிடும்னு பார்ட்டி சொன்னதால, அதே போல்ட்டை இங்கயே குடுத்து மஞ்சள் ஜிங்க் போட்டு வாங்கினோம். சாயங்காலம் டார்க் ரெஞ்ச்ல 320 நியூட்டன் மீட்டர் வச்சு இறுக்கினோம். காலைல வந்து பார்த்தா ரெண்டு போல்ட் தலை தரையில கெடக்குது. மெஷினை ஓட்டவே இல்லைங்க, ஆயில்கூட ஊத்தல. அதுக்கடுத்த நாள் இன்னொண்ணு. உடைஞ்ச இடம் தலைக்குக் கீழ இருக்குற வளைவுல. போல்ட் இழுபட்ட மாதிரியே தெரியல, நறுக்குன்னு உடைஞ்சிருக்கு.

டெலிவரி தேதி நெருங்குது. என்ன பண்ணலாம்?

டர்னர்_மணி:
ஓவர் டார்க். பிளேட்டிங் போட்டா வழுக்கும், அதே 320-க்கு இழுவிசை ஜாஸ்தி ஏறும். 250-க்குக் குறைச்சுப் பாருங்க.

ஸ்பேர்ஸ்_கடை:
டூப்ளிகேட் போல்ட்டா இருக்கும் பாஸ். தலையில 12.9-னு யார் வேணா அடிக்கலாம். ஹார்ட்னஸ் (கெட்டித்தன்மை) பார்த்தீங்களா?

கணபதி_ஃபேப்ரிகேஷன்:
லேப்ல பார்த்தாச்சுங்க. மூணு போல்ட்டும் 41-ல இருந்து 43 எச்.ஆர்.சி. (ராக்வெல் ஹார்ட்னஸ் அளவு). வாங்கும்போது மில் சர்டிபிகேட்டும் குடுத்தாங்க.

உலைக்களம்:
மணி அண்ணன் சொன்னதுல பாதி சரி, பிளேட்டிங் உராய்வை மாத்தும். ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. எம்16-க்கு இழுவிசைப் பரப்பு 157 சதுர மி.மீ. டார்க் கெழு (உராய்வைப் பொறுத்து மாறுற கே ஃபேக்டர்) 0.2-னு வச்சா 320-க்கு ஏறும் இழுவிசை 100 கிலோநியூட்டன், அதாவது சுமார் 637 மெகாபாஸ்கல். வழுக்கி 0.15 ஆனாலும் 850-ஐத் தாண்டாது. 12.9-க்கு புரூஃப் ஸ்ட்ரெஸ் (நிரந்தரமா நீளாம தாங்குற அளவு) 970. ஓவர் டார்க்கா இருந்தா போல்ட் நீண்டு கழுத்து சுருங்கியிருக்கும், அதுவும் ரெஞ்ச் கையில இருக்கும்போதே. போல்ட்டும் டூப்ளிகேட் இல்லை. 12.9-க்கு 39-ல இருந்து 44 எச்.ஆர்.சி. இருக்கணும், உங்களுது நடுவுல நிக்குது.

இங்க பார்க்க வேண்டியது நேரம். இறுக்கும்போது உடையல, சும்மா நின்னப்போ மணிக்கணக்கு கழிச்சு உடைஞ்சிருக்கு. இறுக்கி விட்ட கெட்டியான எஃகு, பிளேட்டிங் ஆன கையோட இப்படித் தாமதமா உடைஞ்சா, முதல் சந்தேகம் ஹைட்ரஜன் எம்ப்ரிட்டில்மென்ட் (ஹைட்ரஜன் புகுந்து எஃகு நொறுங்குற தன்மை ஆகுறது) மேலதான். பிளேட்டிங்குக்கு முன்னாடி துருவும் கரியும் எடுக்க ஆசிட்ல முக்குவாங்க. அப்போ இரும்பும் ஆசிட்டும் சேர்ந்து ஹைட்ரஜன் வருது. அப்புறம் தொட்டியில கரண்ட் விடும்போதும் போல்ட் மேலேயே ஹைட்ரஜன் வருது. அதுல கொஞ்சம் குமிழா வெளியே போகாம, ஒத்தை அணுவா உள்ளே இறங்கிடும். இறுக்கினதும் எங்க அழுத்தம் அதிகமோ, அதாவது தலைக்குக் கீழ வளைவு, இல்லேன்னா முதல் மரை, அங்க மெதுவா நகர்ந்து சேரும். அதுக்குத்தான் அந்த ராத்திரி நேரம்.

4.6, 8.8 கிரேடுக்கு இதே தொட்டியில இதே மாதிரி பிளேட்டிங் போட்டா ஒண்ணும் ஆகாது. ஹார்ட்னஸ் 39-ஐத் தாண்டினாத்தான் வம்பு. கெட்டியான போல்ட் வாங்கினா சேஃப்டினு நாம பழகிட்டோம், இந்த விஷயத்துல அது தலைகீழ்.

ரெண்டு கேள்வி. அதே பெட்டியில பிளேட்டிங் போகாத போல்ட் மிச்சம் இருக்கா? பிளேட்டிங் முடிஞ்சு அவன்ல (சூட்டு அடுப்புல) வச்சாங்களா, எத்தனை மணிக்குள்ள, எவ்வளவு நேரம்?

கணபதி_ஃபேப்ரிகேஷன்:
கருப்பு போல்ட் மிச்சம் இருக்குங்க. பிளேட்டிங்காரர்கிட்ட கேட்டேன். "எல்லாம் முடிஞ்சு மறுநாள் ஒரு மணி நேரம் அவன்ல வச்சோம்"னு சொல்றாரு. ஆனா போல்ட் பளபளன்னு நல்ல மஞ்சளாத்தான் இருக்கு.

உலைக்களம்:
அந்தப் பளபளப்புதான் சந்தேகம். மஞ்சள் பாசிவேஷன் (ஜிங்க் மேல ஏத்துற மஞ்சள் படலம்) 190 டிகிரி சூட்டைத் தாங்காது, மங்கி வெடிச்சுடும். அதனால ஜிங்க் ஏறினதும் முதல்ல பேக்கிங் (அடுப்புல சூடு காட்டுறது), அதுக்கப்புறம்தான் பாசிவேஷன். "எல்லாம் முடிஞ்சு" வச்சும் மஞ்சள் மங்கலேன்னா, அந்த அடுப்பு தேவையான சூட்டுக்குப் போகவே இல்லை.

முறையா பண்ணினா பிளேட்டிங் முடிஞ்சு நாலு மணி நேரத்துக்குள்ள அவனுக்குள்ள போகணும். 190-ல இருந்து 220 டிகிரி. 12.9-க்கு எட்டு மணி நேரமாவது, பல பேர் இருபத்திநாலு வைப்பாங்க. ஜிங்க் படலமே ஹைட்ரஜன் வெளியே போற வழியை அடைச்சிக்கிட்டு நிக்கும், ஒரு மணி நேரமெல்லாம் காணாது. இப்ப இருக்கிற போல்ட்டைத் திரும்ப அவன்ல வச்சுக் காப்பாத்தலாம்னு நினைக்காதீங்க. உள்ளே ஏற்கனவே விரிசல் விட்டிருந்தா பேக்கிங் அதை ஒட்டாது.

ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. தடிமனான பிளேட்ல கருப்பு போல்ட் அஞ்சு, பிளேட்டிங் போட்டது அஞ்சு. தலைக்கு அடியில சரிவான வாஷர் வச்சு, ஃபிளாஞ்ச்ல வச்ச அதே டார்க்குல இறுக்கி ரெண்டு மூணு நாள் விடுங்க. மேல தடிச்ச தகரமோ மரப்பெட்டியோ கவிழ்த்து வைங்க. தலை தெறிச்சா கண்ணு போயிடும், விளையாட்டு இல்லை.

பாலம்_பைத்தியம்:
இந்த இழையைப் படிச்சதும் சான்பிரான்சிஸ்கோ–ஓக்லண்ட் விரிகுடாப் பாலம் ஞாபகம் வருது. 2013 மார்ச்ல, மூணு அங்குல விட்டத்துல கால்வனைஸ் பண்ணின நங்கூரக் கம்பிகளை இறுக்கினாங்க. சில நாள்ல 96-ல 32 முறிஞ்சு போச்சு. அங்க கதை கொஞ்சம் வேற, கம்பி உட்கார்ந்த குழியில வருஷக்கணக்கா தண்ணி நின்னிருந்தது. ஆனா முடிவா சொன்ன காரணம் இதே ஹைட்ரஜன்தான். கடைசியில அந்தக் கம்பிகளுக்குப் பதிலா எஃகுச் சேணம் கட்டி கேபிள் போட்டுச் சரி பண்ணினாங்க.

டர்னர்_மணி:
சரி, ஒத்துக்கறேன். அப்ப எஸ்.எஸ். 316 போல்ட் போட்டுட்டா துருவும் இல்லை, பிளேட்டிங்கும் இல்லைல்ல?

உலைக்களம்:
பலம் பத்தாதுண்ணா. எ4-80-னு (316-ல பலம் கூடின வகை) வாங்கினாலும் உடையுற பலம் 800 மெகாபாஸ்கல்தான், நெளிய ஆரம்பிக்கிறது 600-ல. 12.9-க்கு உடையுற பலம் 1200. அதே ஓட்டையில அதே எண்ணிக்கை போட்டு இப்ப ஏத்துற 637-க்கு இறுக்கினா நெளிஞ்சுடும். எஸ்.எஸ். மரை இறுக்கும்போது பிடிச்சுக்கற தொல்லை வேற.

நான் கணபதிகிட்ட கேட்க நினைச்சது வேற. உங்களுக்கு 12.9 எதுக்குங்க? 200 போர், 190 பார்னா மொத்த விசை சுமார் 600 கிலோநியூட்டன், 12 போல்ட்டுக்குப் பிரிச்சா ஆளுக்கு 50. முன் இழுவிசை 100 இருந்தா தாராளம். எம்16-லயே 10.9 போட்டா புரூஃப் ஸ்ட்ரெஸ் 830, நூறு கிலோநியூட்டனுக்கு 637. போதும். 10.9 ஹார்ட்னஸ் 32-ல இருந்து 39-க்குள்ள. ஓட்டையை மாத்த வேண்டாம், டிராயிங்ல கிரேடு மட்டும் திருத்தினா போச்சு.

பூச்சுக்கு எலக்ட்ரோபிளேட்டிங் வேண்டாம், ஜிங்க் ஃபிளேக் கேளுங்க. ஆசிட்டுக்குப் பதிலா ஷாட் பிளாஸ்ட் (சின்ன எஃகுக் குண்டு அடிச்சுச் சுத்தம்) பண்ணி, பெயின்ட் மாதிரி முக்கிச் சூடு காட்டுவாங்க. கரண்டே கிடையாது. உப்புக்காத்துல சாதா மஞ்சள் ஜிங்க்கைவிட ரொம்ப நாள் நிக்கும். ஆனா உராய்வு குறையும், அதே 320 வச்சா 10.9-ல புரூஃபைத் தாண்டிடும். டார்க் கெழு 0.15-னு எடுத்தா 250 நியூட்டன் மீட்டர் சரியா வரும். கோட்டிங் போடுறவங்ககிட்ட டார்க் கெழுவை வாங்கி ஒரு தடவை சரிபார்த்துக்கங்க.

கணபதி_ஃபேப்ரிகேஷன்:
ரிசல்ட் சொல்லிடறேன்ங்க. பிளேட்டிங் போட்ட அஞ்சுல ரெண்டு மறுநாளே போச்சு, மூணாவது நாள் இன்னொண்ணு. கருப்பு அஞ்சும் அப்படியே நிக்குது. உடைஞ்ச ஒண்ணை மைக்ராஸ்கோப்ல பார்த்தாங்க, முறிஞ்ச முகம் கற்கண்டு உடைச்ச மாதிரி மணிமணியா, கிரெயின் (எஃகுக்குள்ள இருக்கிற படிக மணி) ஓரமாவே பிளந்திருக்குன்னு ரிப்போர்ட். அந்த பேட்ச் மொத்தமும் ஸ்கிராப்புக்குப் போட்டாச்சு, தலையை அறுத்துட்டுத்தான் போட்டோம், யாரும் எடுத்து மாட்டிடக் கூடாதுன்னு. 10.9-ம் ஜிங்க் ஃபிளேக்கும் ஆர்டர் குடுத்துட்டேன். பார்ட்டி ஒரு வாரம் டைம் குடுத்தாரு.

உலைக்களம்:
நல்லதுங்க. போல்ட் கூட ஸ்பிரிங் வாஷரும் அதே தொட்டிக்குப் போச்சா?

கணபதி_ஃபேப்ரிகேஷன்:
ஆமாங்க, போச்சு.

உலைக்களம்:
அதையும் தூக்கிப் போடுங்க. ஸ்பிரிங் வாஷர் ஹார்ட்னஸ் உங்க போல்ட்டைவிட ஜாஸ்தி, ஹைட்ரஜன் அதையும் விடாது. இந்த இறுக்கத்துல ஸ்பிரிங் வாஷர் தட்டையாகிப் போறதால பிரயோஜனமும் இல்லை. கெட்டிப்படுத்தின ஃபிளாட் வாஷர் போடுங்க, அதுவும் ஜிங்க் ஃபிளேக்லயே.

கணபதி_ஃபேப்ரிகேஷன்:
இப்பத்தான் பெட்டியைக் கொட்டிப் பார்த்தேன். கழட்டி வச்ச வாஷர்ல ரெண்டு, ஏற்கனவே ரெண்டு துண்டா கெடக்குது.