ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை இயற்கை பார்க்க எங்கே கூட்டிப்போகலாம்?

காட்பாடி டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். காட்பாடிப் பக்கம் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன், வகுப்பில் 42 பிள்ளைகள். ஜனவரியில் ஒருநாள் வெளியே கூட்டிப்போய்ச் செடி, பறவை, பூச்சி எல்லாம் நேரில் காட்ட ஆசை. அமிர்தியா, ஏலகிரியா? முன்பு வேறொரு பள்ளியில் இருந்தபோது ஏலகிரி போனோம். கொண்டை ஊசி வளைவுகளிலேயே பாதிப் பிள்ளைகள் வாந்தி, மேலே போய்ப் படகு, ஐஸ்கிரீம், அவ்வளவுதான். ஒரு மரத்தின் பெயரைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் திரும்பினார்கள், அது இன்னும் மனசை உறுத்துகிறது.

ஜவ்வாது அடிவாரம்:
டீச்சர், அமிர்திக்குப் போங்கள். வேலூரிலிருந்து சுமார் 25 கி.மீ.தான், ஜவ்வாது மலை அடிவாரம். கூண்டில் இருக்கும் மானையும் மயிலையும் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். நம் பக்கத்துக் காடு இலையுதிர் காடு, மழை நின்று மண் காயக் காயத் தண்ணீரை மிச்சம் பிடிக்க மரங்கள் இலையை உதிர்க்கும், பாடத்தில் படித்ததைக் கையில் எடுத்தே பார்க்கலாம். காட்டுக்குள் நடப்பதென்றால் வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள். மலைத்தேனீ கூடு கண்ணில் பட்டால் சத்தம், கல்லெறி கூடவே கூடாது. பிள்ளைகள் செண்ட் அடித்துக்கொண்டு வரவும் வேண்டாம்.

ஏரிக்கரை:
அமிர்தி நல்ல இடம்தான், ஆனால் முதல் தடவைக்கு பஸ்ஸே வேண்டாம் டீச்சர். உங்களுக்குப் பக்கத்திலேயே கழிஞ்சூர் ஏரி இருக்கிறது. காலை ஏழு மணிக்குக் கரையில் உட்கார வையுங்கள். முக்குளிப்பான் பறவை தண்ணீருக்குள் போய் எங்கே எழும் என்று பந்தயம் கட்டினால் எந்தப் பிள்ளையும் அசையாது. கரையில் நிழல் விழும் பொடிமண்ணில் புனல் மாதிரிக் குழி தெரியும், அதற்குள் இருக்கும் பூச்சிதான் குழியானை. ஒரு எறும்பு சறுக்கி விழுந்தால் அடியிலிருந்து மண்ணை வாரி அடித்து அதைக் கீழே இழுக்கும், வளர்ந்தபின் தும்பி மாதிரி இறக்கை வைத்துப் பறக்கும். இதை நான் சொன்னபோது என் அக்கா பையன் நம்பவே இல்லை, அரை மணி நேரம் குப்புறப் படுத்துப் பார்த்தான். அப்புறம், பனைமரத்தில் தூக்கணாங்குருவி கூடு தொங்கினால் பாதியில் நின்றதைத் தேடச் சொல்லுங்கள். ஆண் குருவி பாதி பின்னி வைக்கும், பெட்டை வந்து பார்த்து அதற்குப் பிடித்திருந்தால்தான் ஆண் மீதியை முடிக்கும். ஜனவரியில் பெரும்பாலும் காலிக் கூடுதான், கீழே விழுந்ததை எடுத்துப் பிரித்துப் பார்த்தால் உள்ளே அப்பிய களிமண்ணும் தெரியும்.

காட்பாடி டீச்சர்:
ஐயா, குழியானை எங்கள் பள்ளித் தாழ்வாரத்து ஓரத்திலேயே இருக்கிறது, இத்தனை நாள் மிதித்துக்கொண்டு போயிருக்கிறேன்! சரி, முதலில் ஏரி, அமிர்தி பிப்ரவரியில். ஒரே கவலை, பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை.

ஏரிக்கரை:
பள்ளியிலிருந்தே கிளம்பி இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிடுங்கள், அந்தக் கவலை இருக்காது. பத்துப் பேருக்கு ஒரு பெரியவர் கட்டாயம் வேண்டும், தண்ணீர் ஓரம் அல்லவா. அம்மாக்களையும் கூப்பிடுங்கள், ஏரியில் முளைக்கும் கீரை எது, கோரை எது என்று நம்மைவிட அவர்களுக்குத் தெரியும்.