எல்லா மெஷினும் ஓடுகிறது, டெலிவரி மட்டும் தாமதம். புது பிரஸ் வாங்கலாமா?

ஒற்றியூர் பட்டறை:
திருவொற்றியூரில் சின்ன பிரஸ் ஷாப், அப்பா ஆரம்பித்தது, நான் பொறுப்பெடுத்து 2 வருடம் ஆகிறது. 4 பவர் பிரஸ் (தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் மெஷின்), அதில் 100 டன் அழுத்தம் உள்ளது ஒன்றுதான், அப்புறம் ஒரு ஸ்பாட் வெல்டிங் மெஷின், 14 பேர். இடது பிராக்கெட், வலது பிராக்கெட் இரண்டையும் 100 டன்னில் அடித்து, ஒரு தகட்டோடு சேர்த்து வெல்டிங் செய்து அனுப்புகிறோம். தினமும் 800 செட் கேட்கிறார்கள். வாரத்தில் 3 நாள் ஓவர்டைம் போட்டும் 500, 550 தாண்டவில்லை. வண்டி ராத்திரிதான் கிளம்புகிறது, எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொள்கிறது. கடன் வாங்கி இன்னொரு 100 டன் போடலாமா?

மணலி சூப்பர்வைசர்:
தம்பி, கடனுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். எந்த இடத்தில் சரக்கு மலையாகக் கிடக்கிறது? வெல்டிங் ஆள் சும்மா நிற்கிற நேரம் உண்டா?

ஒற்றியூர் பட்டறை:
வெல்டிங் முன்னாடிதான் அண்ணா, நடக்க வழி இல்லை. ஆனால் அவரும் பாதி நாள் சும்மாதான் இருக்கிறார். இடது 4000 கிடக்கும், வலது இன்னும் அடித்திருக்க மாட்டோம். டை, அதாவது பிரஸ்ஸில் மாட்டும் அச்சு, அதை மாற்ற 2 மணி நேரம் ஆவதால் ஒரு தடவை ஏற்றினால் 4000 அடித்துவிட்டுத்தான் இறக்குவோம். நடுவில் வேறு பார்ட்டியின் வேலையும் அதே பிரஸ்ஸில் புகுந்துவிடும்.

மணலி சூப்பர்வைசர்:
அதுதான் விஷயம். 4000 என்றால் 5 நாள் சரக்கு. கடல் ஒட்டிய இடம், வெறும் சி.ஆர். ஷீட் (பூச்சு இல்லாத எஃகுத் தகடு), ஜோடி வருவதற்குள் ஓரத்தில் துரு பிடித்திருக்குமே? அதைத் தேய்க்கவும் 2 பேர் நிற்பார்கள். உங்களுக்கு இல்லாதது பிரஸ் இல்லை, சரியான நேரத்தில் ஜோடி. டை மாற்றும் நேரத்தைக் குறைக்காமல் இன்னொரு பிரஸ் போட்டால் அதிலும் 4000 அடித்துக் குவிப்பீர்கள்.

பழைய டூல்ரூம்:
மேலே அவர் சொன்னது நூற்றுக்கு நூறு. ஜப்பானில் ஷிகியோ ஷிங்கோ என்பவர் இதற்கென்றே ஒரு முறை வகுத்தார். 1969-இல் டொயோட்டாவில் 1000 டன் பிரஸ்ஸுக்கு டை மாற்ற 4 மணி நேரம் ஆனதை முதலில் 90 நிமிடத்துக்கும், கடைசியில் 3 நிமிடத்துக்கும் கொண்டுவந்தார்கள். அடிப்படை எளிது. பிரஸ் ஓடும்போதே செய்யக்கூடிய வேலை எது, நிறுத்தினால் மட்டுமே செய்யக்கூடியது எது என்று பிரியுங்கள். அடுத்த டை, போல்ட், கிளாம்ப், ஸ்பேனர் எல்லாம் பழைய லாட் முடிவதற்கு முன்பே டிராலியில் பிரஸ் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். இரண்டு டைக்கும் அடியில் பேரலல் (உயரம் கூட்டும் இரும்புக் கட்டை) வைத்து ஷட் ஹைட்டை, அதாவது மூடிய டையின் உயரத்தை, ஒன்றாக்கிவிட்டால் ராமை (பிரஸ்ஸில் மேலும் கீழும் போகும் பகுதி) ஏற்றி இறக்கி அளவு பார்க்கும் வேலையே போய்விடும், இது ஒருநாள் வேலைதான். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், அவசரம் என்று யாரும் ஓடும் பிரஸ்ஸில் கை விடக் கூடாது. மெயின் ஆஃப் செய்து, ஃப்ளைவீல் நின்ற பிறகு, ராம் இறங்காமல் தாங்கும் சேஃப்டி பிளாக் வைத்துத்தான் டையைத் தொட வேண்டும். விரல் போன பையன்களை நான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

ஒற்றியூர் பட்டறை:
சனிக்கிழமை நானே போனில் நேரம் வைத்துப் பார்த்தேன். மொத்தம் 110 நிமிடம். அதில் போல்ட்டும் ஸ்பேனரும் தேடியது 25, ரேக்கிலிருந்து டை வரக் காத்திருந்தது 20, ஷட் ஹைட் பார்த்து டிரையல் அடித்தது 35. கழற்றி மாட்டியது வெறும் 30. துரு பற்றிச் சொன்னதும் உண்மைதான் அண்ணா, தேய்க்க 2 பேர் நிற்கிறார்கள். இத்தனை நாளும் அதையும் ஒரு வேலை என்றே நினைத்திருந்தேன்.

மணலி சூப்பர்வைசர்:
நல்லது. தேடுவதும் காத்திருப்பதும் போனாலே 110 நிமிடம் 65-க்கு இறங்கிவிடும். பேரலல் போட்டால் 55-க்குள் வரும். மாற்றும் நேரம் பாதியானால் லாட்டையும் பாதியாக்கலாம், 2000 அடித்து இரண்டு தடவை மாற்றினாலும் பிரஸ் நிற்கும் நேரம் அதே 110 தானே? ஒரேயடியாக 800-க்கு இறங்க வேண்டாம், ஆட்கள் மிரண்டுவிடுவார்கள். தேய்க்கிற 2 பேரில் ஒருவரை டிராலிக்குப் போடுங்கள்.

ஒற்றியூர் பட்டறை:
சரி அண்ணா. பேரலலுக்கு இன்று அளவு எடுத்தாயிற்று, இடது டை வலதை விட 18 மி.மீ. குட்டை. திங்கட்கிழமை முதல் 2000 தான்.