புதுப்பிப்பு: காசிமேடு அக்காவுக்கு மாத்திரை கிடைத்துவிட்டது

காசிமேட்டில் மீன் விற்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு சிஎம்எல் என்ற ஒருவகை இரத்தப் புற்றுநோய், மாத்திரைக்குப் பணமில்லை, வழி சொல்லுங்கள் என்று இங்கே கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.

இப்போது அரசு மருத்துவமனையில் பதிந்து, இந்த நோய்க்கான இமாடினிப் மாத்திரையை (400 மி.கி.) இலவசமாக வாங்குகிறார். வருமானச் சான்றுக்குத்தான் அலைச்சல். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தினக்கூலிக்காரர் அதை எப்படி நிரூபிப்பார்? எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

"ஜெனரிக் மாத்திரை வேலை செய்யுமா?" என்று சிலர் கேட்டீர்கள். ஜெனரிக் என்றால் அதே மருந்தை வேறு நிறுவனங்கள் மலிவாகச் செய்து விற்பது; மருந்து அதேதான். நோவார்ட்டிஸ் நிறுவனம் கிளிவெக் என்ற பெயரில் விற்ற இமாடினிப் அன்று மாதம் சுமார் 1,20,000 ரூபாய், இந்திய ஜெனரிக் சுமார் 10,000. பழைய மருந்தின் புதுப் படிக வடிவத்துக்கு அந்நிறுவனம் காப்புரிமை கேட்டது. பழைய மருந்தின் புது வடிவம் கூடுதல் பலன் தராவிட்டால் காப்புரிமை இல்லை என்கிறது காப்புரிமைச் சட்டம் 3(டி) பிரிவு. அதன்படி 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. அந்தத் தீர்ப்பு வேறு மாதிரி வந்து, மலிவு ஜெனரிக்குக்குத் தடை விழுந்திருந்தால் அக்கா மாதிரி எத்தனை பேர் மருந்தில்லாமல் போயிருப்பார்கள்!

முக்கியமான ஒன்று: காசு மிச்சம் பிடிக்க அக்கா ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டிருந்தார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். விட்டுவிட்டுப் போட்டால் நோய் மருந்துக்கு அடங்காமல் போகலாம்.

மருந்துக்கு நோய் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று பார்க்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) இரத்தப் பரிசோதனைக்குத்தான் இனி வழி பார்க்க வேண்டும். ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் குறைந்த செலவில் எடுத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.