மே லீவுக்கு இலங்கை: எந்தப் பக்கம் போறது?

லாஸ்பேட்டை_வாசி:
வணக்கம். மே 15 வாக்குல ஒரு எட்டு நாள் இலங்கை போலாம்னு வீட்ல பேச்சு. நான், வீட்டுக்காரம்மா, ரெண்டு பசங்க, கூட எங்கம்மா (முட்டி வலி, வெயிலும் ஒத்துக்காது). டிராவல்ஸ்காரர் குடுத்த பிளான் கொழும்பு, காலி, மிரிஸ்ஸ, நுவரெலியா, கண்டி. இன்னும் அட்வான்ஸ் கட்டல. மே மாசத்துக்கு இது சரி வருமா?

ஓட்டி_துறைமுகம்:
கட்டாதீங்க சார். அது டிசம்பர்லேந்து மார்ச் வரைக்கும் போற பிளான், அதையே மே மாசத்துக்கும் நீட்டுறாங்க. மே பாதி தாண்டினா தென்மேற்கு பருவமழை கொழும்பு, காலி, ரத்னபுர பக்கம் எறங்கும், கடல் கொந்தளிக்கும், குளிக்க விடாம செவப்புக் கொடி நட்டுடுவாங்க, மிரிஸ்ஸல திமிங்கலம் பாக்குற சீசனும் ஏப்ரலோட முடிஞ்சிடும். நடுவுல நிக்கிற மலை அந்த மழைய மறிச்சிடும், அதனால கெழக்குக் கரை காஞ்சி கெடக்கும், கடலும் அடங்கி இருக்கும். திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடா, அறுகம்பே எல்லாத்துக்கும் மே மாசத்துலேந்து செப்டம்பர் வரைக்கும்தான் சீசன். நம்ம கடலூர் கணக்கையே வச்சிக்குங்க, நமக்கு ஐப்பசி கார்த்திகைல அடிக்கிற மழைதான் அந்தக் கரைக்கும் பெரிய மழை.

முத்தியால்பேட்ட_பையன்:
ஒத்துக்க முடியல அண்ணே. அவரு போறதே கத்திரி வெயில்லேந்து தப்பிக்கத்தான். திருகோணமலைல மே மாசம் 34, 35 டிகிரி அடிக்கும், அந்த வெயிலுக்கு தேவனாம்பட்டினம் பீச்சே போதுமே, இவ்ளோ செலவு பண்ணி எதுக்கு? மழைன்னா நாள் முழுக்கவா பெய்யப் போவுது? சாயங்காலம் ரெண்டு மணி நேரம் பெஞ்சு விட்டுடும். ஆஃப் சீசன்ல ரூம் வாடகையும் எறங்கும், கூட்டமும் இருக்காது. காலி கோட்டைக்கு கடல் எப்படி இருந்தா என்ன, உள்ள தெருத்தெருவா நடந்து பாக்குற எடம், போர்த்துகீசியர் ஆரம்பிச்சு டச்சுக்காரங்க பெருசாக்கினது, 1988லேந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு. நம்ம புதுச்சேரி ஒயிட் டவுன்ல வளர்ற பசங்களுக்கு அத காட்டாம கூட்டிட்டு வர்றது நியாயமே இல்ல.

ஓட்டி_துறைமுகம்:
தம்பி, சாயங்காலம் ரெண்டு மணி நேர மழைங்கிறது ஏப்ரல் கணக்கு. பருவமழை பிடிச்சிட்டா அப்படி விடாது. 2016 மே மாசம் அரநாயக்கல மலையே சரிஞ்சி கிராமத்த மூடிச்சு, அடுத்த வருஷம் 2017 மே கடைசில ரத்னபுர, களுத்துறை பக்கம் வெள்ளத்துலயும் மண்சரிவுலயும் 200 பேருக்கு மேல செத்தாங்க. வருஷா வருஷம் அப்படி ஆவும்னு சொல்லல. ஆனா 2015 வெள்ளத்த கண்ணால பாத்த கடலூர்க்காரன் நான், முட்டி வலி உள்ள அம்மாவ கூட்டிட்டு அந்த மாசம் அந்தப் பக்கம் போங்கன்னு என் வாயால சொல்ல மாட்டேன். வாடகை கம்மின்னா ஏன் கம்மின்னு யோசிக்கணும்ல.

மஞ்சக்குப்பம்_டீச்சர்:
ரெண்டு பேரும் கடற்கரையவே பேசுறீங்க, அம்மாவுக்கு வேண்டியது குளிர்ச்சி. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், மே மாசம் பகல்லயே ஸ்வெட்டர் கேக்கும், ஆனா பருவமழை வந்தா மூட்டமும் தூறலுமா இருக்கும். அதத் தாண்டி பண்டாரவளை, எல்ல பக்கம் போங்க. அது மலையோட கெழக்குச் சரிவு, ஊவான்னு சொல்ற பகுதி, தென்மேற்கு மழை அங்க வந்து சேர்றதுக்குள்ள மேக்க கொட்டித் தீர்த்துடும். ரயில்ல போனா இத கண்ணாலயே பாக்கலாம், நுவரெலியாவுக்கான ஸ்டேஷன் நானுஓயால ஏறும்போது ஜன்னல்ல தண்ணி வழியும், பட்டிப்பொல தாண்டி ஒரு சுரங்கம் வரும், அந்தப் பக்கம் வெளிய வந்தா வெயில் பளிச்சுன்னு அடிக்கும், கம்பார்ட்மென்ட்ல எல்லாரும் ஜன்னல தொறப்பாங்க. ஜூலைல அந்தப் பக்கம் அடிக்கிற வறண்ட காத்துலதான் ஊவா தேயிலைக்கு அந்த மணமே வருது. மே மாசம் மத்தியானத்துக்கு மேல ஒரு இடி மழை வரலாம், அத தடுக்க முடியாது.

முத்தியால்பேட்ட_பையன்:
டீச்சர், திருகோணமலையும் பண்டாரவளையும் ஒரே டிரிப்புலயா? கண்டி சுத்தி வேன்ல போனா ஒரு பகல் முழுக்க போயிடும், கொண்டை ஊசி வளைவு வேற. மழைல நனையறத விட அந்த அம்மாவுக்கு இதுதான் கஷ்டம்.

மஞ்சக்குப்பம்_டீச்சர்:
ஒரே மூச்சுல யாரு போகச் சொன்னா? கண்டில ஒரு ராத்திரி தங்கிட்டு, மறுநாள் ரயில்ல மெதுவா ஏறட்டும். திருகோணமலைல ரெண்டு நாள் போதும். கோணேஸ்வரத்துக்கு காலைல ஆறரைக்கே போயிடுங்க, செருப்ப கழட்டிட்டு ஏறணும், பத்து மணிக்கு மேல அந்தக் கல்லுல கால் வைக்க முடியாது, வயசானவங்க தவிச்சிப் போயிடுவாங்க. கன்னியா வெந்நீர் கெணறும் காலைலயே. ஏழு கெணறு இருக்கும், ஒண்ணு வெதுவெதுன்னு, ஒண்ணு நல்லா சூடா, பசங்க வாளில மொண்டு ஊத்திக்கிட்டே கெளம்ப மாட்டாங்க. பதினோரு மணிலேந்து நாலு மணி வரைக்கும் ரூம விட்டு வெளிய வராதீங்க. கெழக்குல மே மாசம் இப்படித்தான் சமாளிக்கணும், வெயிலே இல்லன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

ஓட்டி_துறைமுகம்:
அக்கா சொல்றது சரி, கோயிலுக்கு காலைலயே போயிடணும். யாழ்ப்பாணத்தையும் சேக்கலாம், நாகப்பட்டினத்துலேந்து காங்கேசன்துறைக்கு கப்பல் விடுறாங்க, ஆனா எல்லா நாளும் கெடையாது, தேதிய உறுதி பண்ணிட்டு புக் பண்ணுங்க. அங்க கறுத்தக்கொழும்பான் மாம்பழ சீசனும் மே மாசம்தான் சூடு பிடிக்கும்.

முத்தியால்பேட்ட_பையன்:
எட்டு நாள்ல யாழ்ப்பாணமுமா? அப்ப டிரிப் முழுக்க வண்டிலயேதான் இருக்கணும். எடத்த கொறைங்கய்யா. நான் இன்னும் காலிதான் சொல்வேன், மே முதல் வாரமே போயிட்டா மழைக்கு முன்னாடியே பாத்துடலாம்.

லாஸ்பேட்டை_வாசி:
எல்லாருக்கும் நன்றி. தேதிய மாத்த முடியாது தம்பி, வீட்டுக்காரம்மாவுக்கு லீவு அப்பத்தான். அதனால காலி, மிரிஸ்ஸ ரெண்டையும் எடுத்துடறேன், யாழ்ப்பாணமும் இந்த தடவ வேணாம். திருகோணமலை ரெண்டு ராத்திரி, கண்டி ஒண்ணு, மீதி பண்டாரவளை. டிராவல்ஸ்காரர் "கெழக்குல ஒண்ணுமே இல்ல சார்"ங்கிறாரு, அவர விட்டுட்டு நானே ரூம் பாக்குறேன். டீச்சர், கண்டிலேந்து அந்த ரயிலுக்கு ரிசர்வ் சீட்டு எத்தன நாள் முன்னாடி தொறப்பாங்க? அம்மாவ நிக்க வச்சி கூட்டிட்டுப் போக முடியாது.