கைக்குழந்தை இரட்டையரோடு க்ரூஸ் போனவர்களே, மறக்க முடியாமல் மனதில் நிற்பது எது?

இருதொட்டில்

கப்பல் கிளம்புவதற்கு முன்னால் லைஃப் ஜாக்கெட் பயிற்சி வைப்பார்களே, அங்கே நடந்தது. இரண்டுக்கும் அப்போது ஏழு மாதம். ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு நிற்கிறோம். மகனுக்குப் பல் முளைக்கிற நேரம், என் தோளைக் கடித்துக் கடித்துக் கத்திக்கொண்டிருந்தான். மகள் அப்பா தோளில் நல்ல தூக்கம்.

ஊழியர் ஒருவர் பொம்மைக்குப் போடுகிற மாதிரி இரண்டு குட்டி ஜாக்கெட்டுகளைக் கொண்டுவந்தார். எப்படி மாட்டுவது என்று காட்டிவிட்டு, "அபாய ஒலி கேட்டால் எந்தக் குழந்தை யாரிடம்? இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். நானும் கணவரும் ஒரே நேரத்தில் விரலை நீட்டினோம். இரண்டு விரலும் மகளைத்தான் காட்டின.

அரை நொடிதான் இருக்கும். அந்த ஊழியர் சிரிக்கக்கூட இல்லை, மகனைப் பார்த்தார். நான் அவனை இழுத்து அணைத்துக்கொண்டு "இவன் என்னோடு" என்றேன். தூங்குகிற குழந்தையைத் தூக்குவது சுலபம், அதனால்தான் காட்டினோம், இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்கிறார் கணவர். பயணம் நன்றாகத்தான் போனது, அதைப் பற்றிக் குறையே இல்லை. ஆனால் அவன் அடம்பிடிக்கும்போதெல்லாம் அந்த ஊழியர் முகம் வந்து நிற்கிறது. வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

மேல்தளம்9

எங்களுக்குப் பயிற்சி சீக்கிரமே முடிந்துவிட்டது. போனில் வீடியோ பார்த்துவிட்டு, ஒன்றுகூடும் இடத்துக்குப் போய் முகத்தைக் காட்டினோம், சரி என்று அனுப்பிவிட்டார்கள். என் கதை நீச்சல் குளத்தில்.

டயப்பர் போட்ட குழந்தைகளுக்குக் குளம் கிடையாது, நீச்சல் டயப்பர் என்றாலும் கிடையாது. இது தெரியும். விளிம்பில் உட்கார்ந்து கால் மட்டும் நனைக்கலாம் என்று பார்த்தோம். காவலர் ஓடி வந்து அதுவும் கூடாது என்றார். ஆனால் நல்ல மனிதர். எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் தொட்டியைக் கொண்டுவந்து, ஷவரில் தண்ணீர் பிடித்து, நிழலில் வைத்தார். இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒருவர் காலை ஒருவர் பிடித்து வாயில் வைத்துக்கொண்டார்கள். குளத்தில் இருந்தவர்கள் எல்லாம் போன் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அப்போது பின்னால் சாய்வு நாற்காலியில் இருந்த ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் சுத்தமான தமிழில் சொன்னார்: "இதுகள நம்பி வீட்ல விட ஆள் இல்லன்னா வீட்லயே இருக்க வேண்டியதுதான, ஊருக்கே தொல்லை." எங்களுக்குப் புரியாது என்று நினைத்திருப்பார். நான் திரும்பவில்லை. மனைவிதான் சின்னவனைத் தூக்கி, அவர் காதில் விழுகிற மாதிரி, "வாடா தங்கம், தண்ணி போதும்" என்றாள். அந்த அம்மா சட்டென்று புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். அன்று ராத்திரி சாப்பிடப் போனால் எங்களுக்குப் பக்கத்து மேஜை அவர்களுக்கு. கடைசி நாள் வரைக்கும் அதே மேஜைதான். ஒரு வார்த்தை பேசவில்லை, உப்பு வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

விதிப்புத்தகம்

இருதொட்டில், அந்த ஊழியர் கேட்டது ரொம்பச் சரி. உணர்ச்சிவசப்பட வேண்டாம். 2012 ஜனவரியில் கோஸ்டா கான்கார்டியா என்ற க்ரூஸ் கப்பல் பாறையில் மோதியபோது, அன்று ஏறிய நூற்றுக்கணக்கான பேருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதுதான் அப்போது விதி. 2015 முதல், கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியே ஆக வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் என்றால் கப்பலில் உள்ள ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் ஒரு ஜாக்கெட் இருக்க வேண்டும் என்பதும் சர்வதேச விதி. 15 கிலோவுக்குக் கீழே இருந்தால் அந்தக் குட்டி அளவு. பெரியவர்களுடையதைக் கட்டி ஒப்பேற்ற முடியாது, தலை நழுவிவிடும்.

மேல்தளம்9, அந்தக் காவலர் தொட்டி வைத்தது அன்பு. கால் நனைக்க விடாததும் அன்புதான். அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களுக்கு அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் சுகாதார விதிகள் உண்டு, டயப்பர் தடை அதிலேயே இருக்கிறது. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் க்ரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி, சரியாக க்ளோரின் போட்ட தண்ணீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும். டயப்பர் குழந்தைகளுக்கென்று தனியாகத் தண்ணீர் விளையாடும் இடம் சில கப்பல்களில் உண்டு. முன்பதிவுக்கு முன்னால் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் அனுபவம் சின்னதுதான். இரட்டையரை மடியில் வைத்துக்கொள்ளப் போகிறோம், ஒரே கேபின் போதும் என்று கேட்டோம். கேபினில் நான்கு படுக்கை இருந்தது. ஆனால் அந்தப் பகுதிக்கான உயிர்காப்புப் படகில் மூன்று இடம்தான் பாக்கி என்று மறுத்துவிட்டார்கள். படகில் ஆறு மாதக் குழந்தையும் ஒரு ஆள்தான். இரட்டையர் இருந்தால் நான்கு பேர் என்று சொல்லியே தேடுங்கள், பிறகு சேர்க்கலாம் என்று விடாதீர்கள்.

நடுராத்திரிப்பால்

விதிப்புத்தகம் அண்ணா, அந்தப் பெண் விரலைப் பற்றிக் கேட்டார், நீங்கள் படகு எண்ணிக்கை சொல்கிறீர்கள்.

என்னுடையது மேல் தளத்து நடைபாதையில். கப்பல் மேற்கே போய்க்கொண்டிருந்தது, ராத்திரியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளச் சொல்லி அட்டை வைத்துவிட்டுப் போவார்கள். பெரியவர்களுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரத் தூக்கம். குழந்தைகள் அட்டை படிப்பதில்லை. நான்கு மணிக்கு எழுபவர்கள் மூன்றுக்கே எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள், பிறகு இரண்டுக்கே. ஒன்று அழுதால் மற்றது எழும், பக்கத்து கேபினில் சுவரைத் தட்டுவார்கள். அதனால் வண்டியில் போட்டுக்கொண்டு மேலே போய்விடுவேன்.

அங்கே இன்னொருத்தி. அவளுக்கும் இரட்டையர், அவளுக்கும் முன்னும் பின்னுமாக உட்கார வைக்கிற வண்டி. நான் இந்தப் பக்கம் சுற்றினால் அவள் எதிர்ப்பக்கமாக வருவாள். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு தடவை எதிரெதிரே சந்திப்போம். தலையசைப்போம். அவள் கண்ணைப் பார்த்தால் என் கண் எப்படி இருக்கும் என்று தெரியும். காற்று கூட இருந்த ஒரு ராத்திரி அவளுடைய போர்வை பறந்து கம்பியில் சிக்கியது. எடுத்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு என் கையை ஒரு அழுத்து அழுத்தினாள்.

மறுநாள் பகலில் பஃபேவில் பார்த்தேன். நல்ல உடை, லிப்ஸ்டிக், கூட ஆறேழு பேர். குழந்தைகளை வேறு யாரோ வைத்திருந்தார்கள். நான் கையைத் தூக்கினேன். அவள் என்னைப் பார்த்தாள், நிச்சயமாகப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பழத்தட்டுப் பக்கம் திரும்பிவிட்டாள். அன்று ராத்திரி நடைபாதையில் மறுபடியும் வந்தாள், வழக்கம்போலத் தலையசைத்தாள். நானும் அசைத்தேன். ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை.

ரெண்டுபேத்திப்பாட்டி

இருதொட்டில் கண்ணு, நீ மனசைப் போட்டு உழப்பாதே. நான் மகன், மருமகள், பேத்திகளோடு போனேன். ஒத்தாசைக்கு வாங்கம்மா என்று கூட்டிப்போனார்கள். முதல் நாள் சாயங்காலம் படிக்கட்டில் வைத்துப் போட்டோ எடுப்பார்கள். எல்லாரும் நின்றோம். போட்டோக்காரர் என்னைப் பார்த்து, குழந்தைகளை வாங்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், ஜோடியாக மட்டும் ஒன்று எடுக்கிறேன் என்றார். வாங்கிக்கொண்டு தள்ளி நின்றேன். ஜோடியாகவே நாலைந்து எடுத்தார். பிறகு வரிசையில் அடுத்த குடும்பம் வந்துவிட்டது. நான் இருக்கிற போட்டோ எடுக்கவே இல்லை. மகன் கவனிக்கவும் இல்லை, நானும் சொல்லவில்லை. சரி, அது போகட்டும்.

இனிமேல் போகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கேபின் நடுவிலேயும் கீழ்த்தளத்திலேயும் எடுங்கள், ஆட்டம் குறைவு. ஆட்டத்துக்குக் குழந்தைகள் பயப்படுவதில்லை, இரண்டு வயதுக்குள்ளே கடல் மயக்கம் வருவதே அபூர்வம். வாந்தி எடுப்பது நாம்தான். அதனால் பெரியவர்கள் மாத்திரையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள், டாக்டரைக் கேட்காமல் குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள். கெட்டில், பால் சூடாக்கும் கருவி எல்லாம் பல கப்பல்களில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், தீ பயம். ஜாடியில் வெந்நீர் கேட்டால் கொண்டுவந்து தருவார்கள், அதில் பாட்டிலை நிற்க வை. டயப்பரும் பால் மாவும் வீட்டிலிருந்தே தேவைக்கு மேல் எடுத்துக்கொள், கப்பல் கடையில் உன் குழந்தைக்கு ஒத்துக்கொள்கிற டப்பாவே இருக்கும் என்று நம்பாதே. பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கிற அகல வண்டி கேபின் கதவில் நுழையாது, முன்பின் வண்டியே எடு. நடைவழியில் நிறுத்தினால் எடுக்கச் சொல்வார்கள். குளியல் தொட்டி சாதாரண அறையில் பெரும்பாலும் இருக்காது, காற்றடிக்கிற தொட்டி ஒன்று மடித்து வைத்துக்கொள். குளியலறை வாசல்படி உயரமாக இருக்கும், குழந்தையோடு தடுக்காதே. கதவு தானாக மூடிக்கொள்ளும், விரலைப் பார். யார் கொஞ்ச வந்தாலும் முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல். கிருமிநாசினி ஜெல்லைத் தடவிக்கொண்டு கன்னத்தைக் கிள்ள வருவார்கள், வாந்தி பேதி உண்டாக்குகிற நோரோ வைரஸுக்கு அது சரியாக வேலை செய்யாது. ஒரு குழந்தைக்கு வந்தால் மற்றதுக்கும் வரும், குடும்பத்தையே கேபினுக்குள் உட்கார வைத்துவிடுவார்கள். குறைமாதத்தில் பிறந்திருந்தால் டாக்டர் திருத்திச் சொல்கிற வயது கப்பலுக்குச் செல்லாது, பிறந்த தேதிதான் கணக்கு. ஏறுவதற்குக் குறைந்தபட்ச வயது பெரும்பாலான கப்பலில் ஆறு மாதம், சமுத்திரத்தைக் கடக்கிற நீண்ட பயணம் என்றால் ஒரு வயது. ஏறுகிற அன்றைக்கு அந்த வயது முடிந்திருக்க வேண்டும். அதற்காகத் தேதியை நெருக்கிப் பிடிக்காதே, ஆற அமரப் போ.

மேல்தளம்9

பாட்டி, அந்த போட்டோவைப் பற்றி மகனிடம் சொல்லிவிடுங்கள்.

முன்னாள்ஊழியன்

நான் கப்பலில் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தவன். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை எங்களிடம். மணிக்கணக்கில் கட்டணம், இடமும் குறைவு, முன்பதிவு சட்டென்று தீர்ந்துவிடும். ஒரு தடவை ஒரு தம்பதிக்கு ஒரே ஒரு இடம்தான் கிடைத்தது. அவர்களுக்கோ அச்சு அசல் ஒரே மாதிரி இரண்டு பையன்கள்.

முதல் மணி நேரம் ஒருவனை விட்டுவிட்டுப் போனார் அப்பா. பால் கொடுக்க வேண்டும் என்று வந்து தூக்கிப்போனார், கொஞ்ச நேரத்தில் திரும்பக் கொண்டுவந்தார். அதே மஞ்சள் சட்டை, கையில் அதே பட்டை. நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவன் சிரித்தான். கீழ்வரிசையில் இரண்டு பல். காலையில் என் விரலைக் கடித்தவனுக்கு ஒன்றுதான் இருந்தது.

அப்பாவை நிமிர்ந்து பார்த்தேன். அவர் கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு நின்றார், போகவும் இல்லை. வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா, சட்டையில்லாத இன்னொருவனைச் சால்வையில் மறைத்துக்கொண்டு. இரண்டு பேருக்கும் தூங்கிப் பல நாள் ஆன முகம். "இவருக்குப் பால் நன்றாக ஒத்துக்கொண்டிருக்கிறது, அதற்குள் பல் முளைத்துவிட்டது" என்றேன். அவர் சிவந்துபோய் "ஆமாம்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

அதற்குப் பிறகு அந்தப் பயணம் முழுக்க இரண்டு பேரும் மாறி மாறித்தான் வந்தார்கள். பல்லைப் பார்த்தே யார் என்று தெரிந்துகொள்வேன். யாரிடமும் சொல்லவில்லை. செய்தது சரிதானா என்று இன்னும் குடைகிறது.

விதிப்புத்தகம்

சரியே இல்லை. தீப்பிடித்திருந்தால்? காப்பகத்துப் பட்டியலில் ஒரு பெயர், மடியில் வேறு குழந்தை. அந்தப் பட்டையில் ஒன்றுகூடும் இடத்தின் எண் இருப்பது அலங்காரத்துக்கா?

நடுராத்திரிப்பால்

எண் இரண்டுக்கும் ஒன்றுதானே அண்ணா, ஒரே குடும்பம். ஒரு மணி நேரம் தூங்க விட்டிருக்கிறார், விடுங்கள்.

விதிப்புத்தகம்

எண் ஒன்றுதான். பெயரும் ஒவ்வாமைக் குறிப்பும் ஒன்றா? ஒருவனுக்கு ஏதாவது மருந்து ஆகாது என்று இருந்தால்?

முன்னாள்ஊழியன்

அதை நானும் யோசித்தேன். அன்றைக்கே இரண்டு பேருடைய மருத்துவப் படிவத்தையும் எடுத்துப் பார்த்தேன், ஒவ்வாமை எதுவும் இல்லை. அதற்கப்புறம் அப்பா ஒவ்வொரு தடவை மாற்றிக் கொண்டுவரும்போதும் வருகைப் பட்டியலில் பெயரை அழித்து எழுதினேன். பென்சிலில்தான் எழுதுவோம்.